விஷம் போகவேண்டும், வடிவம் நிற்கவேண்டும்



பாலக்காட்டின் கீழ்க்கோடியில், தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் வேலந்தாவளம். அங்கே நாய் கடித்தது என்றதும் முதியோர் நினைவுக்கு வருவது தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட ஊசிகளே. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நாமும் அந்த அச்சத்தை மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். அந்த ஊசி எவ்வாறு பிறந்தது?

1911-ஆம் ஆண்டில் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பார் ஒரு முறையை வகுத்தார். வெறிநோய் ஏற்றிய விலங்கின் மூளைத் திசுவை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் அதிலுள்ள வைரசைச் செயலிழக்கச் செய்தார். நம் மலைநாட்டுக் குன்னூரில் 1907-இல் தோன்றிய பாஸ்டர் நிலையமும் செம்மறியாட்டு மூளையிலிருந்து இவ்வகைத் தடுப்பூசியைத் தயாரித்து வந்தது.

இதிலுள்ள நுட்பம் யாது? வைரசின் உள்ளே இருக்கும் மரபுப்பொருள் அழிந்தால் அது பெருகாது. ஆனால் அதன் மேலுறையிலுள்ள புரதமாகிய ஆன்டிஜென் உருக்குலையாமல் நிற்க வேண்டும். பகைவனின் முக அடையாளம் அதுவே. அதைக் கண்டுதான் நம் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. மருந்து மிகுந்தால் அடையாளம் அழியும். குறைந்தால் உயிருள்ள வைரஸ் எஞ்சும். 1960-இல் பிரேசில் நாட்டுப் போர்த்தலேசா நகரில், முற்றும் செயலிழக்காத வைரஸ் கலந்த தடுப்பூசியால் 18 பேர் மாண்டனர்.

பின்னர் பீட்டா புரோப்பியோலாக்டோன் என்ற பொருள் கைக்கு வந்தது. அது மரபுப்பொருளைச் சிதைத்துவிட்டு, நீரில் தானே சிதைந்து தீங்கற்றதாகிவிடும். எனினும் மூளைத் திசுவில் வேறோர் இடர் இருந்தது. அத்திசுவே சிலருக்குப் பக்கவாதத்தை விளைவித்தது. ஆகவே, 2004-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் அத்தடுப்பூசி கைவிடப்பட்டது.

இன்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் வைரசைப் பெருக்கிச் செயலிழக்கச் செய்கின்றனர். ஊசியும் வயிற்றில் அன்று, கையில்தான். ஆதலின் பழைய அச்சத்தால் நாளைக் கடத்தலாகாது. மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பலாகாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும். கடி ஆழமானால், காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்பொருள் மருந்தையும் கேட்டுப் பெற வேண்டும். குறித்த நாட்களில் எல்லா ஊசியையும் தவறாமல் முடிக்க வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் காப்பது அரிதினும் அரிது.

வயிற்று ஊசியின் காலம் போய்விட்டது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது இந்தச் செய்தியையும் ஒரு வரி சேர்த்து எழுதுவோமாக.