வீட்டில் கட்டும் தூண்டில்

தையல், ஊறுகாய், காளான் பற்றி எல்லாம் அக்காமார் நல்லாப் பேசிட்டாங்க. என்னைத் தூண்டில் பற்றிப் பேசச் சொன்னாங்க. மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவங்களுக்கு இது புதுசா இருக்கும். அதனால கொஞ்சம் விளக்கமாகவே சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் வள்ளத்தில் தூண்டில் தொழிலுக்குப் போறவர். தூண்டிலுக்கு இரை வேணும். சாளை கிடைக்காத நாளில் இரைக்கே கைக்காசு போயிடும். ஆனால் எல்லா மீனுக்கும் நிஜ இரை தேவையில்லை. சூரை, பாரை, நெய்மீன் இதெல்லாம் ஓடுகிற சின்ன மீனைத் துரத்திப் பிடிக்கிற ஜாதி. பளபளன்னு ஒண்ணு முன்னால ஓடினா கவ்விடும். அதுக்குப் பொய் இரை போதும். அடியில் கிடந்து வாசம் பிடிச்சுத் தின்னுற திருக்கைகிட்ட இது செல்லாது.

கட்டுறது பூக்கட்டுற மாதிரிதான். வெள்ளைச் சேவலோட கழுத்து இறகை சோப்புத் தண்ணியில் அலசி நிழலில் காயவைக்கணும். முள்ளோட தண்டில் நாலு இறகை வச்சு, பழைய சேலை ஜரிகையில் ரெண்டு மூணு இழை சேர்த்து, நூலை இடைவெளி இல்லாம இறுக்கிச் சுத்தணும். முடிச்சு மேல நகப்பாலிஷ் ரெண்டு தடவை பூசினா உப்புத் தண்ணியில் அவிழாது. இறகு முள்ளைத் தாண்டி ரொம்ப நீளக் கூடாது. நீண்டா மீன் வாலை மட்டும் கடிச்சிட்டுப் போயிடும். நெய்மீன் பல்லு கத்திரிக்கோல் மாதிரி, தங்கூசி நரம்பை அறுத்திடும். அதனால முள்ளுக்கு முன்னால ஒரு சாண் கம்பி போடணும். அயிலைக்கு இறகே வேண்டாம். சின்ன முள்ளில் வெள்ளைப் பட்டு நூலும் ஜரிகையும் போதும், ஒரே நரம்பில் பத்து முள் கட்டிடலாம்.

ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிச்சு வள்ளம் கரையில் கிடக்கும்போது உட்கார்ந்து கட்டுவோம். எங்க குழுவில் ஆறு பேர் கட்டுறோம். முன்னாடி முள்ளும் நரம்பும் கடனுக்குத்தான் வாங்குவாங்க. கடன் கொடுத்தவர் சொல்ற விலைக்கே மீனையும் கொடுக்கணும். இப்போ குழுவின் உள்கடனில் மொத்தமா வாங்குறோம். மீனை ஏலத்தில் போட முடியுது. வீட்டில் இருக்கிற பொம்பளை கட்டின தூண்டில்தானேன்னு இதைக் கணக்கில் எழுதாம விடாதீங்க. நாங்க கூலி போட்டு நோட்டில் எழுதுறோம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். தூண்டில் தண்ணியில் இறங்க ஈயக்குண்டு வேணும். சில வீடுகளில் பழைய பேட்டரியை உடைச்சு, சமையல் அடுப்பில் சட்டி வச்சு ஈயம் உருக்குறாங்க. தயவு செய்து அது வேண்டாம். ஈயம் உருக 327 டிகிரி சூடு வேணும். அதில் ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா வெடிச்சுத் தெறிக்கும், கண்ணு போயிடும். அதைவிட மோசம் தூசி. தரையில், துணியில், பாத்திரத்தில் படியும். தவழுற பிள்ளை கையை வாயில் வைக்கும். பெரியவங்களைவிட குழந்தை உடம்பு 4, 5 மடங்கு அதிகமா ஈயத்தை இழுத்துக்கும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

எங்க மாமிகூட, "நாங்க காலம் காலமா உருக்குறோம், என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. காய்ச்சல், சளி மாதிரி இது வெளியில் தெரியாது மாமி, ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்னு சொன்னேன். அவங்க இன்னும் முழுசா ஒத்துக்கலை, ஆனா சட்டி வீட்டை விட்டுப் போயிடுச்சு. எங்க குழுவில் ஈயம் உருக்குற வீட்டுக்குத் தூண்டில் கட்டுற வேலை கிடையாதுன்னு தீர்மானம் எழுதியிருக்கோம். ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டு ஒரு மாசம் கூட்டத்துக்கே வரலை, பிறகு வந்தாங்க. சின்னத் தூண்டிலுக்கு இரும்பு நட்டு கட்டுறோம். துருப்பிடிக்கும், மாத்திக்கிறோம். பெரிய குண்டு வேணும்னா கடையில் வார்த்ததை வாங்கி, தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுறோம்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. கடற்கரைக் குழுக்கள் எல்லாருக்கும் சேர்த்து வார்த்த குண்டை மொத்தமா வாங்கிக் கொடுத்தா விலை குறையும். அப்போ உருக்க வேண்டிய தேவையே வராது.

சேவல் வளர்க்கிற அக்காமார் கழுத்து இறகை வீசிடாதீங்க, நாங்க காசு கொடுத்து வாங்கிக்கிறோம். சாப்பாட்டுக்கு அப்புறம் பின்வரிசையில் இருப்பேன், கட்டிப் பார்க்க ஆசையுள்ளவங்க வாங்க.