கடகத்துக்குள் விழும் பந்து

போன ஆடியில் கனடாவிலிருந்து வந்த என் பெறாமகன், தெல்லிப்பழை வீட்டு விறாந்தையில் கோல்ஃப் பையை இறக்கி, முதலில் உருவியது புது ட்ரைவர். "சித்தப்பா, இதால அடிச்சா 300 யார் போகும்" என்றான். "போகட்டும் தம்பி, குழிக்குக் கிட்டப் போனபிறகு என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அவன் பேசவில்லை.

இந்தத் தூர அடி மோகம் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு கணக்கை மனதில் வையுங்கோ. பார் 72 மைதானத்தில் 18 குழிகள். குழிக்கு இரண்டு தடவை, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் உருட்டுவது என்று வைத்துத்தான் அந்த 72 அடிக் கணக்கு வகுக்கப்பட்டது. ஈர்பதினெட்டு 36. பாதி! திரும்பவும் சொல்கிறேன், பாதி ஆட்டம் கிரீனில்தான். நாலேகால் அங்குலக் குழிக்குள் பந்தை உருட்டுவதற்குத் தோள்பலம் வேண்டாம்.

கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைத் தூக்கிப் போடுவதை நான் எங்கள் வளவில்தான் பழகினேன். முற்றத்தில் ஒரு பனையோலைக் கடகம், இருபது கவடு தள்ளி நான், கையில் வெட்ஜ். கோடையில் செம்மண் இறுகிக் கிடக்கும். கோல் முந்தி மண்ணில் பட்டால் துள்ளிப் பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து வேலிக் கதியாலில் போய் மோதும். மழைக்குப் பிறகு புல் முளைத்த தரை இந்தப் பிழையை மறைத்துவிடும். இறுகிய செம்மண் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பந்து முதலில், மண் பிறகு. பந்து முதலில், மண் பிறகு. இதைக் கைகள் பிடித்துக்கொள்ள எனக்கு ஆறு மாதம் எடுத்தது.

எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் பொபி ஜோன்ஸ். தொழில் சட்டத்தரணி. கடைசிவரை பரிசுப் பணத்துக்கு விளையாடாதவர். 1930இல் பிரித்தானிய, அமெரிக்கப் பெரும் போட்டிகள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதில் போட்டி ஆட்டத்தை விட்டார். கிரீனில் பந்தை உருட்டும் கோலான அவருடைய பட்டருக்கு 'கலமிட்டி ஜேன்' என்று பெயர். அது தேய்ந்தபோது அதே அமைப்பில் இன்னொன்று செய்வித்தாரே தவிர, வேறு தினுசு தேடிப் போகவில்லை. வருடத்துக்கொரு பட்டர் வாங்குகிறவர்கள் இதைக் கேட்கவேண்டும். 1925 அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில், புல்லுக்குள் கிடந்த பந்து தான் கோலை வைத்தபோது அசைந்தது என்று அவரே சொல்லி, ஒரு அடியைத் தன் கணக்கில் ஏற்றினார். வேறு யாரும் அதைக் கண்டிருக்கவில்லை. முடிவில் சமநிலை. அதன்பின் நடந்த மேலதிக ஆட்டத்தில் ஒரே ஒரு அடியால் தோற்றார். அந்தத் தோல்விக்காகத்தான் நான் அவரைக் கொண்டாடுகிறேன்.

வடக்கிலிருந்து விளையாடப் போகிறவர்கள் முதலில் நுவரெலியாவுக்குப் போங்கோ. 1889இல் தொடங்கிய கழகம், ஆறாயிரம் அடிக்கு மேலே, பட்டணத்தின் நடுவிலேயே மைதானம். பாதைகள் ஒடுக்கம், இருபுறமும் மரங்கள். கண்மூடித்தனமாக அடிக்கிறவன் பந்தைத் தேடியே களைத்துப்போவான். அளந்து போடுகிறவன் சந்தோஷமாகத் திரும்புவான். திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ளது அழகானது, நீளமானது. அது பிறகு. கொழும்பில் ரோயல் கொழும்பு கழகத்துக்குப் போனால், களனிவெளி ரயில் மைதானத்துக்கு நடுவால் போவதையும் பார்க்கலாம்.

கழகத்தில் சேருவதென்றால் உணவுச்சாலையைப் பார்த்துச் சேராதேயுங்கோ. விருந்தாளியாக இரண்டு மூன்று தடவை போய், அங்கத்தவர்கள் அடிகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கோ. உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹண்டிகப், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ஐ வைத்துக் கணிக்கப்படுவது. அட்டையில் பொய் எழுதினால் எண் முழுவதும் பொய். நான் ஒருமுறை ஒருவரோடு சோடியாக ஆடினேன். அவர் மரத்தடியில் மூன்று அடித்துவிட்டு "ரெண்டு" என்றார். நானும் மரியாதைக்காக அந்த அட்டையில் கையெழுத்து வைத்தேன். பிழை அவருடையது மட்டுமல்ல, என்னுடையதும். அந்தக் கையெழுத்து இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பெறாமகன் புறப்படுமுன் மூன்று நாள் கடகத்துக்கு முன்னால் நின்றான். ட்ரைவர் விறாந்தையில் சாத்தியபடியே இருந்தது. கடைசி நாள் மாலை பத்துப் பந்து போட்டான். நான் உள்ளே தேநீர் குடித்தபடி, பந்து ஓலையில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு. வெளியே வந்து கேட்டேன். "நாலு, சித்தப்பா" என்றான்.