கடலாடும் தெய்வமும் கைவிட்ட பையும்

மாசி மகத்தன்று நம் புதுவை வைத்திக்குப்பம் கடற்கரையில் பல திருக்கோயில்களின் உற்சவ மூர்த்திகள் ஒருங்கே எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுகின்றனர். இறைவன் நீராடும் அக்கடலுக்கு நாம் அளிப்பது யாது?

தேங்காய், பழம், பூ ஆகியவற்றை நெகிழிப் பையில் கொணர்கிறோம். தொழுதபின் பையை மணலில் விட்டு மீள்கிறோம். தெருவில் எறிந்தவையும் மழைநீரோடு பெரிய வாய்க்கால் வழியே கடலையே சேர்கின்றன. அதே மாசித் திங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரையை நாடுகின்றன. மிதக்கும் பையைச் சொறிமீன் எனக் கருதி ஆமைகள் விழுங்குகின்றன. குடல் அடைபட்டு மடிகின்றன. திருமால் ஆமையாய் அவதரித்தான் எனப் போற்றும் நாமே அவ்வுயிருக்குக் கூற்றுவன் ஆகலாமோ?

அடியேனும் பல்லாண்டுகள் அப்பிழை புரிந்தவனே. ஒருநாள் என் பேரன், "தாத்தா, சாமிக்குப் பூ, கடலுக்குக் குப்பையா?" என்று வினவினான். நாணித் தலைகுனிந்தேன். அன்று தொட்டுப் பனையோலைக் கூடையே என் கையில்.

ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்களைப் புதுவை அரசு 2019ஆம் ஆண்டில் தடை செய்தது. 2022 ஜூலை 1 முதல் அவற்றுட் பலவற்றுக்கு நாடெங்கும் தடை வந்தது. சட்டம் விற்பவரைத் தடுக்கும். கேட்டு நீளும் கையைத் தடுக்க வல்லது நம் உள்ளமே.

ஆதலின், பூ விற்கும் தாயாரிடம், "இலையில் கட்டித் தாருங்கள் அம்மா" என்று கேளுங்கள். அன்னதானமும் நீர்மோர்ப் பந்தலும் நடத்துவோரிடம் வாழையிலை, தொன்னை, உலோகக் குவளை வேண்டுமெனப் பணிவுடன் சொல்லுங்கள். கொள்வோர் மறுத்தால் கொடுப்போர் மாறுவர். வரும் மாசி மகத்தில் நம் காலடிச் சுவடு மட்டுமே அம்மணலில் எஞ்சத் திருவருள் கூட்டுவதாக!