பொதிகையிலிருந்து கடல் வரை, இன்ஜின் இல்லாமல்

க்ளைடர் போட்டியில ஒரு நாள் எப்படிப் போகும்னு நம்ம தாமிரபரணியை வச்சே சொல்றேன். பொதிகை உச்சி 1868 மீட்டர். அந்த உயரத்துல ஒரு நல்ல க்ளைடர் இருக்குன்னு வச்சுக்கிடுங்க. ஒரு மீட்டர் இறங்குறதுக்குள்ள அது 40 மீட்டர் முன்னால போயிரும். காற்று அசையாத நாள்ல சுமார் 75 கிலோமீட்டர். திருநெல்வேலியைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் தரையைத் தொட்டுரும். புன்னைக்காயல் கடலுக்கு இன்னும் 20 கிலோமீட்டர் பாக்கி!

அந்த 20-ஐ வெயில்தான் தரணும். பருந்து வட்டம் போடுதுல்லா, அதேதான். சூடேறி எழும்புற காற்றுக்குள்ள சுத்திச் சுத்தி உயரணும். ஈர நெல்வயல் சீக்கிரம் சூடாகாது. காய்ஞ்ச பொட்டல் சூடாகும். அதனால ஆத்தோரப் பச்சையை விட்டு மானாவாரிப் பக்கம் ஒதுங்கணும். சுத்துற ஒவ்வொரு நிமிஷமும் போட்டியில நஷ்டம். சுத்தாம விரட்டினா பாதியிலேயே இறங்கணும். ஆடி மாசம்னா இன்னும் சிரமம்: மேல்காத்து மலையைத் தாண்டி விழுற இடத்துல க்ளைடரையும் சேர்த்துக் கீழே அமுக்கும்.

2015-ல் இமாச்சலம் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்தது. அங்கேயும் இதே கணக்குதான். நான் மதிக்கிற விதி ஒண்ணுதான்: இறங்க ஒரு காய்ஞ்ச வயல் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்போதுதான் அடுத்த காற்றைத் தேடிப் போகணும்.