பயிற்சிக்கு முன்னாடி ஒரு கதவு, பின்னாடி ஒரு சம்பளம்

இன்னைக்கு பசுமை வேலைகளைப் பத்திப் பேசப் போறோம். சோலார், காற்றாலை, மின்வாகனம்னு இந்தத் துறை வளர வளர நிறைய வேலை வரும்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, அந்த வேலை யாருக்கு?

ரெண்டு எண் சொல்றேன். புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கான சர்வதேச முகமை ஐரீனா. அவங்க 2019-ல வெளியிட்ட கணக்குப்படி, உலக அளவில் இந்தத் துறையில் வேலை பார்க்கிறவங்கள்ல 32 சதவீதம் பெண்கள். அதே வருஷம் இந்தியாவில் கூரை சோலார் துறையை மட்டும் பார்த்த இன்னொரு ஆய்வில், பெண்கள் சுமார் 11 சதவீதம்தான்.

அப்போ பயிற்சி இல்லையா? இருக்கு. மத்திய அரசு 2015-ல 'சூர்யமித்ரா'ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. அஞ்சு வருஷத்துல 50,000 பேரை சோலார் டெக்னீஷியன் ஆக்கணும்ங்கிறது இலக்கு. 600 மணி நேரப் பயிற்சி, கிட்டத்தட்ட மூணு மாசம் தங்கிப் படிக்கணும், கட்டணம் கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் முன்னுரிமை உண்டு. ஆனா கூடவே ஒரு தகுதியும் கேட்டாங்க: எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் மாதிரி ஏதாவது ஒரு ஐடிஐ, இல்லைன்னா டிப்ளமோ.

ஐடிஐ எலக்ட்ரீஷியன் வகுப்பில் எத்தனை பொண்ணுங்களைப் பார்த்திருக்கீங்க? நம்ம கோடிங் பாஷையில சொன்னா, முதல் ஃபில்டர்லயே ஆளைக் கழிச்சிட்டு, மிச்சம் இருக்கிற பட்டியலை சார்ட் பண்ணும்போது முன்னுரிமை தர்றோம். பட்டியல்லயே இல்லாதவங்களுக்கு அந்த முன்னுரிமையால என்ன பிரயோஜனம்?

இதை அப்படியே தலைகீழா செஞ்சு பார்த்த ஒரு இடம் ராஜஸ்தான்ல, அஜ்மீர் மாவட்டத்தில் இருக்கு. ஊர் பேர் திலோனியா. பங்கர் ராய் 1972-ல அங்கே தொடங்கினதுதான் 'பேர்ஃபுட் காலேஜ்', அதாவது வெறுங்கால் கல்லூரி. இங்கே சோலார் பயிற்சிக்கு எழுதப் படிக்கத் தெரியணும்னு அவசியமே இல்லை. கிராமத்து அம்மாக்கள், பாட்டிகள்தான் மாணவிகள். 2008-ல இருந்து இந்திய அரசோட உதவியில ஆப்பிரிக்க நாடுகள்ல இருந்தும் வர ஆரம்பிச்சாங்க. ஆறு மாசப் பயிற்சி. பல பேருக்குப் பொதுவா ஒரு மொழி கூட கிடையாது. நிறத்தையும் வடிவத்தையும் வச்சு பாகங்களை அடையாளம் காண்றாங்க, சைகையில பேசிக்கிறாங்க. முடிக்கும்போது சர்க்யூட் போர்டை சால்டர் பண்ணவும், பேனல் மாட்டவும், பழுது பார்க்கவும் தெரிஞ்சிருக்கு.

ஏன் பாட்டிகள்? 2011-ல ஒரு டெட் உரையில பங்கர் ராய் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. ஆம்பளைங்க கையில சான்றிதழ் கிடைச்சதும் வேலை தேடி நகரத்துக்குக் கிளம்பிடுவாங்க, பாட்டி ஊர்லயே இருப்பாங்கன்னு சொன்னார்.

ஆனா என்னை அதிகம் யோசிக்க வச்சது சம்பள ஏற்பாடு. மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி, பேட்டரின்னு ஒவ்வொரு வீடும் ஏற்கெனவே செலவு பண்ணிட்டுத்தானே இருக்கு? அதுக்கு பதிலா மாசாமாசம் ஒரு தொகையை ஊர்க் கமிட்டிகிட்ட கட்டணும். அதுல இருந்துதான் பராமரிப்புக்கும் அந்தப் பெண்ணோட சம்பளத்துக்கும் பணம். அதாவது, படிக்கப் போறதுக்கு முன்னாடியே திரும்பி வந்து செய்ய ஒரு வேலை இருக்கு.

அதனால எல்லாம் சுலபம்னு நினைச்சுடாதீங்க. திலோனியாவுக்குப் படிக்க வந்த ஜோர்டான் நாட்டுப் பெண் ரஃபேயா பத்தி 2012-ல ஒரு ஆவணப்படம் வந்தது. நாலு பெண் குழந்தைகளோட அம்மா. குழந்தைகளைப் பிரிச்சிடுவேன்னு கணவர் மிரட்ட, பாதியிலேயே ஊருக்குத் திரும்பினாங்க. அப்புறம் மறுபடி வந்து படிப்பை முடிச்சாங்க. கல்வித்தகுதிங்கிற கதவைத் திறந்து வச்சாலும், வீட்டுக் கதவு தனியா ஒண்ணு இருக்கு.

இன்னொரு கேள்வியும் வரும். கிராமத்து விளக்குக்கு இது சரி, நகரத்துக்கு ஒத்து வருமா? 2024-ல அறிவிச்ச பிரதமரின் சூர்ய கர் திட்டத்தோட இலக்கு ஒரு கோடி வீடுகள். இங்கே மின்வாரிய இணைப்பு, நெட் மீட்டர், ஆப், விண்ணப்பம் எல்லாம் உண்டு. எழுத்து தெரியாம முழு வேலையையும் ஒருத்தரே செய்ய முடியாதுதான். ஆனா அந்த வேலை ஒரே வேலை கிடையாது. ஃபிரேம் மாட்டுறது, பேனல் துடைக்கிறது, கேபிள் செக் பண்றது, இன்வர்ட்டர் பழுது பார்க்கிறதுன்னு பல வேலை. எல்லாத்துக்கும் ஐடிஐ கேட்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் பேனல் மாட்டுறது சில நாள் வேலை. அந்தப் பேனல் 25 வருஷம் மாடியில் இருக்கும். உள்ளூர் ஆளுக்கு நிரந்தர வருமானம் அந்தப் பராமரிப்புலதான் இருக்கு.

அதனால மக்களே, உங்க அபார்ட்மென்ட் மாடியில சோலார் போடப் போறாங்கன்னா, பராமரிப்பு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யார் வந்து பார்ப்பாங்கன்னு கேளுங்க. பக்கத்துத் தெருவுல பயிற்சி எடுத்த பெண்கள் இருந்தா அவங்களுக்கு அந்த வேலையைத் தர முடியுமான்னு கேளுங்க. உங்க கம்பெனி சிஎஸ்ஆர் பணத்துல பசுமைத் திறன் பயிற்சி நடத்துதா? எத்தனை பேருக்கு சான்றிதழ் கொடுத்தோம்னு ஒரு ஸ்லைடு கட்டாயம் வரும். அப்போ ரெண்டே கேள்வி: இந்த வகுப்புக்குள்ள யாரால வர முடியல? முடிச்சவங்களுக்கு அடுத்த மாசத்துல இருந்து சம்பளம் யார் தருவாங்க?

இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா, நடுவுல பாடம் நடத்துறது அவ்வளவு கஷ்டம் இல்லை.