மனச்சோர்வும் மாத்திரையும்

(கூட்டமொன்றில் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு மாத்திரையைப் பற்றி. மாத்திரையைப் பற்றிப் பேசச் சுயமரியாதைக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது என்றே சொல்லுகிறோம்.

ஒருவன் இரண்டு வாரத்துக்கு மேலாய்ச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, எதிலும் நாட்டமில்லை, தான் எதற்கும் உதவாதவன், செத்தால் தேவலை என்று நினைக்கிறான். இதற்குச் சோதிடன் ஏழரைச் சனி என்கிறான். மந்திரவாதி செய்வினை என்கிறான். புரோகிதன் பூர்வ ஜன்ம வினை என்கிறான். வீட்டாரோ சோம்பேறி என்கிறார்கள். பெண்ணாயிருந்தால் பேய் என்று சொல்லி வேப்பிலையால் அடிக்கிறார்கள். காசு போகிறது, காலம் போகிறது, கடைசியில் ஆளும் போய்விடுகிறது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் மாண்டார்களே, அது யார் செய்த வினை?

தோழர்களே! மனச்சோர்வு என்பது வியாதி. அதற்கு மருந்து உண்டு. 1956-ல் சுவிட்சர்லாந்து தேசத்தில் மூன்ஸ்டர்லிங்கன் ஆஸ்பத்திரியில் ரோலண்ட் கூன் என்ற டாக்டர், வேறொரு மனவியாதிக்கென்று வந்த ஒரு மருந்தைச் சோர்ந்து கிடந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்களில் அவர்கள் எழுந்து நடமாடினார்கள். அதை 1957-ல் வெளியிட்டார். அதுதான் இமிப்ரமின். அதன் இனத்தில் பிறகு வந்தது அமிட்ரிப்டிலின். ரசாயன அமைப்பில் மூன்று வளையங்கள் இருப்பதால் இவ்வினத்தை டிரைசைக்ளிக் என்கிறார்கள். அதற்காகக் கூனுக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் பல நோயாளிகளுக்குச் சரியாக விளக்கிச் சம்மதம் பெறாமலே மருந்துகள் சோதிக்கப்பட்டன என்பதையும் சரித்திரக்காரர்கள் 2019-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நமக்கு ரிஷியும் வேண்டாம், மகானும் வேண்டாம், உண்மை போதும்.

ஆனால், தாயத்தை அறுத்தெறிந்துவிட்டு அதே பக்தியோடு மாத்திரையை விழுங்கினால் அது பகுத்தறிவாகாது. தாயத்துக்கு அளவு கிடையாது. ஏனென்றால் அது ஒன்றும் செய்வதில்லை. மருந்துக்கு அளவு உண்டு. ஏனென்றால் அது வேலை செய்கிறது. வேலை செய்கிற பொருள் தவறினால் கெடுதலும் செய்யும். ஆகவே சில விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. இருதய வியாதி, கண்ணில் அழுத்த வியாதி, மூத்திரக் கட்டு, காக்காய் வலிப்பு, முன்பு எப்போதாவது தூக்கமில்லாமல் அளவுமீறிய உற்சாகத்தோடு திரிந்தது, சாப்பிட்டு வரும் மற்ற மருந்துகள் ஆகிய எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கும் இருதயக்காரர்களுக்கும் முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, இம்மருந்தில் கெடுதல் முந்தி வரும், நன்மை பிந்தி வரும். முதல் நாளே வாய் வறளும், மயக்கமாயிருக்கும், மலம் கட்டும். மனம் தெளிவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரமாகும். அதனால்தான் டாக்டர்கள் அநேகமாய் இரவில் சிறு அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறார்கள். நாலு நாளில் பலனில்லை என்று நிறுத்துவதும், அதிகம் தின்றால் சீக்கிரம் குணமாகும் என்று கூட்டுவதும் இரண்டும் மடத்தனம்.

மூன்றாவது, இதோடு மது கூடவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டக் கூடாது. கிழவர்கள் திடீரென்று எழுந்தால் தலை சுற்றி விழுவார்கள். உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கட்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. அளவுக்கு மீறினால் இம்மருந்து இருதயத்தின் ஓட்டத்தைக் குலைத்து ஆளைக் கொன்றுவிடும். சாக வேண்டுமென்று நினைப்பதே இவ்வியாதியின் குணமாயிருக்க, டப்பாவை அவர் கையிலேயே கொடுத்து வைப்பது என்ன புத்தி? வீட்டிலொருவர் பூட்டி வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். குழந்தைக்கு எட்ட வைக்காதீர்கள். அதிகம் தின்றுவிட்டது தெரிந்தால், ஆள் நன்றாயிருப்பதுபோல் தோன்றினாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். முதல் சில வாரங்களில், அதுவும் வாலிபர்களை, தனியே விடாமல் கவனியுங்கள். இந்த அபாயத்தினால்தான் டாக்டர்கள் இன்று அநேகமாய் முதலில் புளுவாக்சிடின் போன்ற புது மருந்துகளைக் கொடுத்து, தேவைப்பட்டால் இதற்கு வருகிறார்கள்.

ஐந்தாவது, குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது சாப்பிட்டு, டாக்டர் யோசனைப்படி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுக்க இது விபூதியல்ல.

இன்னொன்றும் சொல்லுகிறோம். கடனும், ஜாதி இழிவும், புருஷன் அடியும் மனிதனைச் சோர்வடையச் செய்கின்றன. மாத்திரை சோர்ந்தவரை எழுப்பி உட்கார வைக்கும். அந்தக் கொடுமைகளை ஒழிப்பது நம்முடைய வேலை.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் யாராவது சோர்ந்து கிடந்தால் ஜாதகக் கட்டை மூடிவிட்டு சர்க்கார் ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இராப்பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். டாக்டரிடம் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், என்ன கெடுதல் வரும் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல; கேட்பதுதான் சுயமரியாதை என்று கூறி முடித்துக்கொள்ளுகிறோம்.