குளிர்நாளில் தோட்டம்

தெற்கிலிருந்து வந்து தில்லியில் குடியேறிய நம்மவர்க்கு, வீட்டை ஒட்டிய சிறு நிலம் பெரியதோர் ஆறுதல். அதில் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலைக் கன்று, நான்கு மல்லிகைச் செடி இருந்தால் ஊரே உடன் வந்ததுபோல் மனம் நிறைகிறது. ஆயினும் கார்த்திகை பிறந்ததும் தோட்டத்துக் கதவு சாத்தப்படுகிறது. மாசி முடியும்வரை அதைத் திறப்பார் இல்லை. மக்களோடு வாழ வந்த முதியோர் கம்பளிக்குள் ஒடுங்கி, அறையே உலகமென நான்கு திங்களைக் கழிக்கின்றனர். குளிரைவிட அந்த அடைப்பே அவர்களை வாட்டுகிறது என்பதை அவர்களுடன் இருப்போர் நன்கு அறிவர்.

இத்தனைக்கும் தில்லிக் குளிர் பகல் முழுவதும் கடுமையாக இருப்பதில்லை. சனவரியில் விடியற்காலையில் வெப்பம் சராசரியாக 7 பாகை அளவுக்கு இறங்கினாலும், வானம் தெளிந்த நாளின் பிற்பகலில் 20 பாகையை எட்டுகிறது. வெயில் படாத அறையைவிட வெளியே இதமாக இருக்கும் வேளை அது. அவ்வேளையில் ஒருவர் இரண்டு மணிநேரம் சுகமாக அமர்வதற்கு ஏற்றவாறு தோட்டத்தை அமைப்பது எப்படி? இதற்கு விடை ஒன்றே. முதலில் ஆளுக்கு இடம் தேடுங்கள். செடிக்கு இடம் பிறகு தேடலாம்.

முதற்கண் கதிரவனை அறிய வேண்டும். மார்கழித் தொடக்கத்தில் சென்னையில் நண்பகற் கதிரவன் அடிவானத்திலிருந்து 53 பாகை உயரத்தில் நிற்கிறான். தில்லியிலோ 38 பாகைதான். பத்தடிச் சுவர் ஒன்று சென்னையில் ஏழரை அடி நிழல் வீழ்த்தினால், இங்கே பதின்மூன்றடி வீழ்த்தும். ஆகையால் வீட்டின் வடபுறத்தில் போட்ட இருக்கை கோடையில் எவ்வளவு இனிதாயினும் குளிர்காலத்தில் வெயிலையே காணாது. விடுமுறை நாள் ஒன்றில் காலை 11 மணிக்கும், பிற்பகல் 1 மணிக்கும், 3 மணிக்கும் வெயில் விழும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். மூன்று கோடுகளுக்கும் பொதுவான இடம் எதுவோ, அதுவே உங்கள் குளிர்கால இருக்கைக்கு உரிய இடம். அதன் பின்னால் தெற்கு நோக்கிய செங்கற்சுவர் இருந்தால் இன்னும் நன்று. பகலில் வாங்கிய வெப்பத்தை அச்சுவர் மாலையில் மெல்லத் திருப்பித் தரும்.

அடுத்தது காற்று. இங்கே குளிர்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுகிறது. அதைத் தடுக்க உயர்ந்த சுவர் எழுப்புவதைவிட அடர்ந்த செடிவேலி வளர்ப்பதே மேல். சுவரில் மோதிய காற்று மேலேறி அப்பால் சுழன்று விழும்; வேலியோ காற்றைச் சிறிது உள்ளே விட்டு, அதன் வேகத்தை அடக்கிவிடும். கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவான காமினிச் செடி என்றும் பசுமையாயிருப்பது. கத்தரித்து வளர்க்க ஏற்றது. மழைக்காலத்தில் மணமுள்ள வெண்பூவும் தருவது. தென்புறத்தில் மரம் வேண்டுமென்றால் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் முசுக்கட்டை தகும். கோடையில் நிழலும் குளிரில் வெயிலும் தந்து, அது இருவகையிலும் உதவும். வேம்பு அந்நாளில் இலையோடு நிற்பதால் அங்கே வெயிலை மறைத்துவிடும்.

மூன்றாவது ஈரம். தில்லியின் பெருமழை சூன் இறுதியில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. குளிர்காலத்திலும் மேற்கிலிருந்து வரும் மேகங்கள் சில நாள் தூறலைக் கொணர்கின்றன. குளிரும் ஈரமும் ஒருங்கே வரும் அந்நாள்களே வருத்துபவை. மழையில்லாத நாளிலும் புல்தரை பனியில் நனைந்திருக்கும். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் இங்கும் புல்தரையாக வளர்கிறது. அதன்மேல் காலையில் நடந்தால் செருப்பு நனைந்து கால் விறைக்கும். எனவே வாயிற்படியிலிருந்து இருக்கை வரை மூன்றடி அகலமுள்ள பாதையொன்று அவசியம். முகலாயர் தம் தோட்டங்களில் பாத்திகளைத் தாழ்த்தி நடைபாதைகளை உயர்த்தியே அமைத்தனர். நாமும் மண்மட்டத்துக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் உயர்த்தி, மணற்படுகையில் செங்கல்லைப் பதித்து, ஒரு பக்கம் முக்கால் அங்குலச் சரிவு கொடுத்தால் நீர் தங்காது. பாசி படியும் இடத்தைக் கெட்டித் துடைப்பத்தால் அவ்வப்போது தேய்த்துவிட வேண்டும். முதியோர் கால் வழுக்குவது அங்கேதான்.

மழையைக் கண்டு அஞ்சாமல் மகிழ்ந்த தோட்டமும் இந்நகரில் உண்டு. 1639 முதல் 1648 வரை ஷாஜகான் எழுப்பிய செங்கோட்டையில் ஹயாத் பக்ஷ் என்னும் பூங்காவில் இரு பளிங்கு மண்டபங்கள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் பெயர்கள் சாவன், பாதோன். நம் ஆடி, ஆவணியை ஒட்டி வரும் மழை மாதங்களின் பெயர்கள் அவை. மண்டபம் கட்ட நம்மால் இயலாது. ஆனால் இருக்கைக்கு மேல் எட்டடிச் சதுரத்தில் ஒரு கூரை இயலும். அதன் தென்புற விளிம்பைச் சற்று உயர்த்தி வைத்தால் தாழ்ந்த கதிரவனின் வெயில் உள்ளே புகும். மழை மட்டும் வெளியே நிற்கும். கூரையின் கீழ் கல் இருக்கை வேண்டாம். அது உடற்சூட்டை உறிஞ்சும். மரப்பலகையோ, இங்குள்ளோர் மூடா என வழங்கும் நாணல் ஆசனமோ இதமாயிருக்கும்.

இனிச் செடிகள். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பான்சியும் பெட்டுனியாவும் கலெண்டுலாவும் தை, மாசியில் பூத்துக் குலுங்கும். அவற்றை இருக்கையின் அருகிலேயே தொட்டிகளில் வையுங்கள்; குளிரில் எவரும் நெடுந்தொலைவு நடந்து பூப் பார்க்கமாட்டார். ஐப்பசியில் நர்கிஸ் கிழங்கு ஊன்றினால் மூடுபனி நாளிலும் மணம் வரும். கறிவேப்பிலை இலை உதிர்த்தால் பட்டுப்போயிற்றென்று கலங்கி நீரைக் கொட்டாதீர்கள். பங்குனிக்குள் மீண்டும் தளிர்க்கும். துளசியை மட்டும் இரவில் மெல்லிய துணியால் மூடி, காலையில் துணியை எடுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நவம்பர் முதல் சனவரி வரை தில்லியின் காற்றில் புகையும் தூசும் மிகுகின்றன. காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்து, மாசு கடுமையாயுள்ள நாளில் முதியோரை வெளியே அமர்த்தாதிருத்தல் நலம். குளிர்காய்வதற்கென உதிர்ந்த இலைகளைக் கொளுத்துவதும் ஆகாது. அது சட்டப்படியும் தடுக்கப்பட்டுள்ளது. அவ்விலைகளைக் குழியிலிட்டு எருவாக்கலாம். மழைநாளில் தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை தவறாது கவிழ்த்தால் கொசு பெருகாது.

நிலம் இல்லாத மாடிவீட்டுக்காரர்க்கும் இம்முறை பொருந்தும். தெற்கு நோக்கிய முகப்பில் ஒரு மூடா, காற்றுக்கு மறைவாக ஒரு கொடி, அருகில் இரண்டு தொட்டிகள் இருந்தால் போதும். தில்லிவாசிகள் தை மாதப் பகலில் வாசலில் அமர்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டும் கம்பளி பின்னிக்கொண்டும் வெயில் காய்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். உலர்ந்த பாதையும் வெயில் விழும் இருக்கையும் அமைந்துவிட்டால், மொழி தெரியாமல் அறையில் அடைந்திருந்த நம் தாய்மாரும் அந்த வெயிலில் அமர்வர். வேலிக்கு அப்பாலிருக்கும் அண்டைவீட்டு அம்மையாரோடு சாடை பேசத் தொடங்கிவிடுவர்.